ஏழாம் எண் பெண் சொன்னது

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமா? போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதீர்கள். இப்போது விடுதி வாசலிலேயே போனை வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் தருவார்கள், அதுவும் அவர்கள் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பேச வேண்டும். சமையலறைக்கு வரும் அக்கா வெளியே குடியிருக்கிறாள். அவளிடம் கொடுத்தால் தபாலில் போட்டுவிடுவாள். பதிலையும் அவள் விலாசத்துக்கே எழுதுங்கள்.

விஷயம் இதுதான். போன வருஷம் நீங்கள் அந்தக் கண்ணாடிக்காரம்மாவோடு இங்கே வந்தீர்களே, எங்கள் எட்டுப் பேரை உட்கார வைத்து, நாங்கள் நம் மொழியில் சொல்லச் சொல்ல நீங்கள் அவர்கள் மொழியில் அந்தம்மாவுக்குச் சொன்னீர்களே, அந்த ஆராய்ச்சி புத்தகமாக வந்துவிட்டது. நம் இனத்துச் சங்கத்தில் அதை நம் மொழியிலும் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். செயலாளர் என்று அண்ணன் படம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மாப்பிள்ளைக் களையோடு இருக்கிறார், சொல்லிவிடுங்கள்.

அவர்கள் இனத்து ஆட்கள் எங்களைக் 'கரிச்சட்டி' என்று கூப்பிடுவது, அவர்கள் ஆட்களுக்குப் புதுக் கையுறை, நமக்கு ஓட்டைக் கையுறை, அவர்கள் இறாலை எடை போடும் மேஜை, நாம் தண்ணீரில் நின்று ஓடு உரிக்கும் மேஜை, எல்லாம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. நம்மையும் ஒருத்தி உட்கார்ந்து எழுதியிருக்கிறாளே என்று.

ஆனால் முப்பத்தோராம் பக்கம்தான் புரியவில்லை. "பங்கேற்பாளர் 7" என்று போட்டிருக்கிறது. ஏழு நான்தான், சட்டையில் எண் குத்திக்கொண்டேனே. ஏழாம் எண் பெண், "எங்கள் இனத்து மேற்பார்வையாளர் எங்களோடு நெருக்கமானவர்" என்று சொன்னதாக இருக்கிறது. நெருக்கமானவரா? விசில்காரனா? எப்போதும் விசிலடித்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் வந்து நிற்பானே, அவனைப் பற்றித்தானே அன்றைக்கு அவ்வளவு நேரம் சொன்னேன்!

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். புத்தகத்தின் கடைசியில் பரிந்துரை என்று ஒன்று இருக்கிறது. பெண்கள் தம் இனத்து மேற்பார்வையாளரிடம் பாதுகாப்பாக உணர்கிறார்கள், அதனால் அத்தகையவர்களுக்குப் பொறுப்பு கூட்டித் தர வேண்டும் என்று. நிர்வாகம் அதை உடனே கேட்டுக்கொண்டது. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து விசில்காரன்தான் எங்கள் கூடத்துக்கும் விடுதிக்கும் பொறுப்பாளர். மாலை போட்டார்கள், நாங்கள் கைதட்டினோம்.

அந்தம்மா எழுதும்போது தப்பு செய்துவிட்டாரா அண்ணி? கேட்டுச் சொல்லுங்கள். திருத்தி எழுதச் சொல்லலாம்தானே?

பொடிசு


பிப்ரவரி 20

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணனும் நானும் நலம். எனக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு வேலை வழக்கம்போல் போய்க்கொண்டிருக்கிறது.

இத்தகைய அறிக்கைகளில் எல்லாருடைய பேச்சையும் சேர்த்துச் சுருக்கித்தான் எழுதுவார்கள். ஒருவர் சொன்ன ஒரு விஷயம் விட்டுப்போவது சகஜம். நம் மக்கள் படும் அவமானத்தை இந்த அளவுக்கு யாரும் இதுவரை எழுதியதில்லை. செய்தித்தாள்களில் இரண்டு நாள் அதைப் பற்றித்தான் பேச்சு. அதை நினைத்துப் பார்.

பொறுப்பு கூடினால் மனிதர்கள் நிதானமாகவும் ஆவார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார். இதைப் பற்றி மற்ற பெண்களிடம் அதிகம் பேச வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீரில் நிற்கும்போது இரண்டு காலுறை போட்டுக்கொள்.

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

இரண்டு காலுறை போட்டால் பூட்ஸில் கால் நுழையாது. நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்தும் அது தெரியவில்லை.

இத்தனை நாளாக அந்த அறையையே மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். ஜன்னல் பக்கம் கண்ணாடிக்காரம்மா, நடுவில் ரெக்கார்டர், பக்கத்தில் நீங்கள். நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அவங்க ஆளு திட்டுவான், அது காதோட போயிடும். நம்ம ஆளு கிட்ட வருவான். கிட்ட வந்தா உடம்பே கூசிப்போயிடும்" என்று சொன்னேன். சாவி தேடுகிற சாக்கில் உரசுவதை, கழிவறைக்குப் போக டோக்கன் கேட்டால் "என்ன தருவே?" என்று கேட்பதை, எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்தவள் ஏன் வேலையை விட்டுப் போனாள் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடச் செய்தேன். எட்டாம் எண்காரி என் முதுகைத் தடவினாள்.

நான் பத்து நிமிடம் பேசினேன். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். பிறகு இரண்டே வரி சொன்னீர்கள். அந்தம்மா தலையாட்டிவிட்டுச் சிரித்தாள். நான் அழுததற்கு ஏன் சிரிக்கிறாள் என்று அப்போதே தோன்றியது. அவர்கள் மொழி சிக்கனமான மொழி போலிருக்கிறது, நாம்தான் வளவளவென்று பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

நேராகவே கேட்கிறேன். 'கிட்ட வருவான்' என்பதை 'நெருக்கமானவர்' ஆக்கியது அந்தம்மாவா, நீங்களா?

இங்கே என் பக்கத்து மேஜைக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. ஒல்லி என்று கூப்பிடுகிறோம். இறால் நரம்பை எடுக்க ஊசியைப் பிடிக்கக்கூடத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். விசில்காரன் அவளைப் பார்த்துச் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளைக் குளிர் அறையில் பெட்டி அடுக்கப் போட்டுவிட்டான். "மூஞ்சியில வெயில் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்" என்கிறான். யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய இடத்தில் அவனையே உட்கார வைத்துவிட்டார்கள்.

பொடிசு


மார்ச் 17

பொடிசு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நான்தான். அந்தம்மா ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. நான் சொன்னதை நம்பி எழுதினார்.

உன்னிடம் காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் தெரிந்துகொள். உங்களைப் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்காகப் பேசப் போயிருந்தேன். நம் பெண், கணவன் அடித்துத் தாடை விலகியிருந்தது. அவள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "உங்க ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தானே?" என்றார். கிண்டலாகக்கூட இல்லை, மழை வருமா என்று கேட்பது மாதிரி கேட்டார். வீட்டில் வந்து உன் அண்ணனிடம் சொன்னேன். "இதுக்குத்தான் சொல்றேன். நம்மள அவங்க எப்படி நடத்துறாங்கன்னு எழுதத்தான் அந்தம்மா வருது. நம்ம வீட்டுக் குப்பையை அவங்க முன்னாடி கொட்டினா, நாளைக்குப் பேப்பர்ல அது மட்டும்தான் வரும். மத்த எதுவும் வராது" என்றார். அவர் சொன்னது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

நீ பேசும்போது தண்ணீர் குடித்தது உண்மை. 'கிட்ட வருவான்' என்ற வார்த்தைக்கு அவர்கள் மொழியில் இரண்டு பொருள் வரும்படி ஒரு சொல் இருக்கிறது. அதை மட்டும் போட்டேன், மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை மறைத்தால் மற்றதைச் சொன்னதற்கு அர்த்தமில்லை. ரெக்கார்டரில் பதிந்ததைக் கேட்டு எழுத்தில் பெயர்க்கிற வேலையையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். பதினொரு நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உன் குரலைக் கேட்டேன். அவசரமில்லை, யாரும் எதிரில் இல்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். அப்போதாவது சரியாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அறையில் செய்தது பயத்தில் செய்தது. மேஜையில் செய்தது யோசித்துச் செய்தது.

அந்தப் பரிந்துரை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. விட்டுப்போன ஒரு விஷயம் வெறும் வெற்றிடமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்தம்மாவிடம் போய்ச் சொல்லப்போகிறேன். திருத்தச் சொல்வேன்.

அண்ணி


மார்ச் 26

போய்ச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

உங்களைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். சமையலறை அக்கா, "இதைப் போட்டா உனக்கு ஆறும், அந்தப் பொண்ணுக்கு என்னடி ஆகும்?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

உங்கள் கல்யாணத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு மொழியிலும் படித்த அண்ணி வருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது மட்டும் எழுத வேண்டும் போலிருந்தது.

ஒல்லி தைரியமாக நிர்வாகியிடமே போய்விட்டாள். நான்தான் போகச் சொன்னேன். அவளுக்கு அவர்கள் மொழி அரைகுறையாகத் தெரியும். அவன் புத்தகத்தை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தானாம். "உங்க பொம்பளைங்களே இப்படிச் சொல்லியிருக்காங்க. நீ புதுசா என்ன சொல்ல வர்றே?" என்றானாம். அவள் வந்து என்னிடம், "யாருக்கா அந்த ஏழாம் நம்பர்? அவளுக்கு அவன் என்ன குடுத்தான்?" என்று கேட்டாள்.

நான்தான் என்று சொல்லவில்லை அண்ணி.


ஏப்ரல் 19

பொடிசு,

போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இனி எதையும் சுருக்கமாட்டேன்.

அந்தம்மாவின் அறையில் தரையெல்லாம் காகிதக் கட்டுகள். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவங்க அழுதப்போ நான் சிரிச்சேனே" என்றார். வேறெதற்கும் முன்னால் அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவை எடுத்து இன்னொருவரை வைத்துக் கேட்கலாம் என்றேன். பதிவு இல்லை. பேசுகிற பெண்களின் பாதுகாப்புக்காக, எழுத்தில் பெயர்த்ததும் பதிவை அழித்துவிடுவோம் என்று உங்கள் எட்டுப் பேருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார். மிச்சம் இருப்பது என் கையெழுத்தில் நான் எழுதியது மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று கையொப்பம் வேறு போட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். ஒரு குழு கூப்பிட்டது. அதில் ஒருவர் கேட்டார்: "அன்றைக்குச் சொன்னது உண்மைன்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்றைக்கு அது பொய்ன்னு கையெழுத்துப் போடறீங்க. எந்தக் கையெழுத்தை நாங்க நம்பணும்?" ஏழாம் எண் பெண்ணே நேரில் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். வந்தால் உன் பெயர் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று நீதான் எழுத வேண்டும்.

உன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ வெளியில போய் இதைச் சொன்னா, உனக்கு மனசு சரியில்லன்னு சொல்லுவேன். என்னை அந்த நிலைமைக்குத் தள்ளாதே." எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தார். அந்த ஏழாம் எண் நீதான் என்று அவரிடம் சொன்னேன். "என் தங்கச்சியா?" என்றார். பிறகு, "அவளுக்கு வேற இடத்துல வேலை பார்க்கறேன்" என்றார். மற்ற ஏழு பேருக்கு என்ன என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

என் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் எழுதித் தயாராகத்தான் வைத்திருந்தேன். இப்போது அதை அனுப்பிப் பயனில்லை.

போன புதன்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது ஒல்லி குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். விசில்காரன் வெளியிலிருந்து கொக்கியைப் போட்டுவிட்டான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கொஞ்ச நேரம் மிரட்டிவிட்டுத் திறப்பான் என்று நினைத்தோம், அப்படி முன்பும் செய்திருக்கிறான். அவன் அலுவலகத்துக்குப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சாவிக்கொத்து அவன் இடுப்பில். ஆனால் அந்தக் கொக்கிக்குப் பூட்டே கிடையாது அண்ணி. யார் வேண்டுமானாலும் போய்த் தூக்கியிருக்கலாம். அவள் உள்ளேயிருந்து தட்டுவது சாப்பாட்டுக் கூடம்வரை கேட்டது. நாங்கள் நாற்பது பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்தேன்.

ஒன்றேகால் மணி நேரம். கையுறை ஓட்டை, உள்ளே ஈரம். திறந்தபோது கை பெட்டியோடு ஒட்டியிருந்தது. வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நிர்வாகி காகிதத்தோடு வந்தான். ஒல்லி அனுமதி இல்லாமல், கையுறை போடாமல், தானாகவே உள்ளே போனாள், கதவு தானாக மூடிக்கொண்டது என்று எழுதியிருந்தது. பார்த்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். விசில்காரன் பேனாவைத் திறந்து ஒவ்வொருத்தியிடமும் நீட்டினான். விசிலடிக்கவில்லை, அன்று ரொம்ப மரியாதையாக, "போடும்மா, போடும்மா" என்றான்.

நானும் போட்டேன்.

பேனா கைக்கு வரும்போது ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த என் மகளை நினைத்தேன் என்று சொல்லலாம். அவள் பள்ளிக்கூடம், அம்மாவின் மருந்து, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நொடி நான் யாரையும் நினைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவள் போட்டாள், அடுத்து என் முறை வந்தது, அவ்வளவுதான். உங்களைப் பற்றி இரண்டு மாதமாக மனதுக்குள் பேசிய பேச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஒல்லியை அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். என்னிடம் விடைபெற வந்தாள். கட்டுப் போட்ட கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, "நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

பொடிசு


ஜூன் 2

அன்புள்ள பொடிசு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனேன், மருத்துவமனையில் என்னை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகக் குழு எல்லா இடத்துக்கும் எழுதிவிட்டது: 'நம்பத்தகாதவர்'. சரியான வார்த்தைதான். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற முடியாதாம். கண்ணாடிக்காரம்மா தன் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெயர் போகும், புத்தகம் இருக்கும்.

நானும் உன் அண்ணனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவு பேச்சுதான். போன வாரம் சங்கத்துக் கூட்டத்தில் யாரோ அந்த அறிக்கையைப் புகழ்ந்து பேச, இவர் எழுந்து வெளியே வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆனால் செயலாளர் பதவியை விடவில்லை.

நீ கையெழுத்துப் போட்டதற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ அந்தப் பேனாவைத் தொடுவதற்கு முன்பே உன் வார்த்தையை நான் பிடுங்கிவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். விபத்துச் செய்தி வந்ததால் வேறொரு நிறுவனத்திலிருந்து புதிய குழு ஒன்று உங்கள் தொழிற்சாலைக்கு வருகிறது, அடுத்த மாதம். மொழிபெயர்க்க வரும் பெண்ணை எனக்குத் தெரியும். என்னிடம்தான் பயிற்சி எடுத்தாள், என்னைப் போல் இல்லை. அவளிடம் பேசு. நீ சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி


ஜூலை 11

அன்புள்ள அண்ணிக்கு,

வந்தார்கள். மூன்று நாளாக இங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் பெண் நீங்கள் சொன்னது போலத்தான். எங்கள் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, "பயப்படாம பேசுங்கக்கா. நீங்க சொல்றதுல ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்" என்றாள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, மாற்றமாட்டாள்.

எனக்கு முன்னால் பதினாறு பேர் போய்வந்தார்கள். யாரும் யாரிடமும் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.

குளிர் அறை பற்றித்தான் முதலில் கேட்டாள். வாயைத் திறந்தேன் அண்ணி. நிஜமாகத் திறந்தேன். கதவை மூடியது யார் என்று சொன்னால், அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அப்போது நீங்கள் ஏன் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? எந்தக் கையெழுத்தை நம்புவது? உங்களைக் கேட்டார்களே, அதே கேள்வி. ஒல்லியின் அப்பா வழக்குப் போட அலைகிறாராம். நான் பேசினால் நாற்பது பேர் பொய்க்காரிகள் ஆவோம். பேசாவிட்டால் அவள் ஒருத்திதான் பொய்க்காரி. இதை அந்த மொழிபெயர்க்கிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எந்த மொழியில் சொல்வது?

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றேன். "மேற்பார்வையாளர் எப்படி?" என்று கேட்டாள். "நல்லவர்" என்றேன். அவள் திரும்பி, நான் சொன்னதை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

சமையலறை அக்காவை நேற்று நிறுத்திவிட்டார்கள். கடிதம் வாங்கி வருவது யாரோ சொல்லித் தெரிந்துவிட்டது. யார் என்று தேடவில்லை, தேடினால் என்ன? அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம். அண்ணன் பார்த்துவைக்கிற வேலைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். என்னைக் குறை சொல்ல வாய் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கும் உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாளை அந்தக் குழு கிளம்புகிறது. இதை அந்தப் பெண்ணிடம்தான் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். உறையை இரண்டு முறை ஒட்டியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், வீட்டுக்குத்தான், எல்லாரும் நலமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன் என்று சொல்வேன்.

பொடிசு